எண்ணா? எழுத்தா?

(புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கான உரை. இடம்: மட்டாஞ்சேரி, கொச்சி)

 

மட்டாஞ்சேரிக்குக் கணக்கு புதிது அல்ல. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. மூட்டைகளை எண்ணினார்கள். எடை போட்டார்கள். விலை பேசினார்கள். எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதினார்கள்.

யூதத் தெருவில் 1957-ஆம் ஆண்டில் மிளகு வணிகர்களின் சங்கம் தொடங்கியது. அங்கே தரகர்கள் கூடி நின்று உரத்த குரலில் விலை கூவுவார்கள். தெருவில் போகிறவர் காதிலும் அந்தச் சத்தம் விழும். பிற்காலத்தில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.

இன்று கம்ப்யூட்டர் இல்லாத இடம் இல்லை. ரேஷன் கடையில் இருக்கிறது. வங்கியில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கூலிக் கணக்கும் அதில்தான். ஓய்வூதியக் கணக்கும் அதில்தான். கம்ப்யூட்டரைக் கணிப்பொறி என்றும் சொல்கிறோம்.

பேரேட்டை விரித்தால் கண்ணால் பார்க்கலாம். கம்ப்யூட்டருக்குள் இருப்பது அப்படித் தெரிவதில்லை. அது எப்படி எழுதி வைத்துக்கொள்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், அதற்குள் இருப்பது உங்கள் பெயர். உங்கள் கூலி.

இன்றைய பேச்சு ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது. கம்ப்யூட்டர் ஒரு தகவலை வாங்கும்போது "இது என்ன வகை?" என்று பார்க்கிறது. வகை சரியாக இருந்தால் கணக்கு சரியாக வரும். வகை தப்பினால் கணக்கும் தப்பும்.

ஒரு மிளகுக் கணக்கு

ஒரு கிடங்குக்கு மிளகு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கர் இப்படி எழுதுகிறார்:

பொருள்: மிளகு
தரம்: எம்.ஜி.1
மூட்டை: 12
எடை: 606.5 கிலோ
பணம் வந்ததா: இல்லை

ஐந்து வரிகள். ஐந்தையும் நீங்கள் படித்துவிட்டீர்கள். இவற்றில் எத்தனை வகை இருக்கின்றன? யோசித்துப் பாருங்கள்.

"மிளகு" என்பது ஒரு சொல். அதைக் கூட்ட முடியாது, கழிக்க முடியாது.

"12" என்பது எண்ணிக்கை. மூட்டை முழுதாக இருக்கும். பன்னிரண்டரை மூட்டை என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை.

"606.5" என்பது அளவு. தராசு முழு எண்ணில் நிற்காது. அதனால் ஒரு புள்ளி வந்தது.

"இல்லை" என்பது கேள்விக்குப் பதில். இந்தக் கேள்விக்கு இரண்டே பதில்தான். ஆம், அல்லது இல்லை.

"எம்.ஜி.1" எந்த வகை? அதில் ஒன்று என்ற எண் இருக்கிறது. ஆனால் அது எண்ணிக்கை அல்ல. மலபார் மிளகில் சுத்தம் செய்த ஒரு தரத்துக்கு வணிகர்கள் வைத்த பெயர். பெயருக்குள் எண் வந்தாலும் அது பெயர்தான்.

ஆக, நான்கு வகைகள். முழு எண், புள்ளி எண், எழுத்து, ஆம்-இல்லை. மனிதருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். பார்த்ததும் புரியும். கம்ப்யூட்டருக்கு அப்படிப் புரியாது. அதற்கு மிளகும் தெரியாது, மூட்டையும் தெரியாது. அதற்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கம்ப்யூட்டரோடு பேசும் மொழி

கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதித் தருவதற்கு நிரல் என்று பெயர். புரோகிராம் என்றும் சொல்வார்கள். நிரல் எழுதத் தனி மொழிகள் உண்டு. புதிதாகக் கற்பவருக்கு ஏற்ற எளிய மொழி ஒன்று பைத்தான்.

பைத்தானை உருவாக்கியவர் குய்டோ வான் ராசம். அவர் நெதர்லாந்து நாட்டுக்காரர். அதாவது டச்சுக்காரர். டச்சுக்காரர்கள் 1663-இல் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்களை இங்கே இழுத்தது மிளகு. அதே நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரில் இருந்த இவர், 1989 டிசம்பரில் இந்த மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் அதை வெளியிட்டார். பைத்தான் என்றால் மலைப்பாம்பு. ஆனால் அவர் பாம்பை நினைத்துப் பெயர் வைக்கவில்லை. தமக்குப் பிடித்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்தார்.

அந்தக் காலம் இங்கேயும் முக்கியமான காலம். 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். முதலில் பேனா பிடிக்கக் கற்றார்கள். பிறகு செல்போனில் பார்க்கக் கற்றார்கள். அடுத்த படி, செல்போன் காட்டுவதைச் சரிபார்ப்பது.

மூட்டை கட்டிய எழுத்து

பைத்தானில் வகையை எப்படிச் சொல்வது? மிகவும் சுலபம். எழுதுகிற விதத்திலேயே சொல்லிவிடலாம்.

25 என்று எழுதினால் முழு எண். இதற்கு பைத்தானில் இன்ட் என்று பெயர்.

25.0 என்று புள்ளி வைத்து எழுதினால் புள்ளி எண். இதற்கு ஃப்ளோட் என்று பெயர்.

"25" என்று இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டால் எழுத்து. இதற்கு ஸ்ட்ரிங் என்று பெயர். ஸ்ட்ரிங் என்றால் சரம். பூவைக் கோத்தால் பூச்சரம். எழுத்தைக் கோத்தால் எழுத்துச் சரம்.

மேற்கோள் குறியைச் சாக்கின் தையல் போல நினைத்துக்கொள்ளுங்கள். தைத்துக் கட்டிய சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பிரித்துப் பார்க்காது. உள்ளே 25 இருந்தாலும் அதற்கு அது எண் அல்ல. இரண்டு, ஐந்து என்ற இரண்டு எழுத்துகள். அவ்வளவுதான்.

இதனால் என்ன ஆகும்? பாருங்கள்.

12 + 5 என்று கேட்டால் பைத்தான் 17 என்று சொல்லும்.

"12" + "5" என்று கேட்டால் "125" என்று சொல்லும்.

அதே கூட்டல் குறி. முதலில் கூட்டியது. இரண்டாவதில் ஒட்டியது. எண் என்றால் கூட்ட வேண்டும். எழுத்து என்றால் ஒன்றின் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். "மிளகு" + "ரசம்" என்று கேட்டால் "மிளகுரசம்" என்று வரும். அது போலத்தான் "125" வந்தது.

12 + "5" என்று கலந்து கேட்டால்? பைத்தான் மறுத்துவிடும். "வகை பொருந்தவில்லை" என்று தகவல் காட்டி வேலையை நிறுத்திவிடும். இது நல்ல குணம். தெரியாததைத் தெரிந்தது போலச் செய்வதை விட நின்று கேட்பது மேல்.

காணாமல் போன ஒரு நாள் கூலி

எல்லா நிரலும் இப்படி நின்று கேட்பதில்லை. கடைகளிலும் அலுவலகங்களிலும் எக்செல் போன்ற அட்டவணை நிரல்களில் கணக்கு வைக்கிறார்கள். கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்தில் எண்ணைப் போட்டால் தானே கூட்டித் தரும்.

ஒரு சுமைத் தொழிலாளியின் ஒரு வாரக் கூலியை எடுத்துக்கொள்வோம்.

திங்கள்: 800
செவ்வாய்: 750
புதன்: 800
வியாழன்: 900 ரூபாய்
வெள்ளி: 700
சனி: 850

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தொகை என்ன வர வேண்டும்? 4,800. அட்டவணை நிரல் காட்டுவது 3,900.

900 ரூபாய் எங்கே போனது? வியாழக்கிழமைக் கட்டத்தைப் பாருங்கள். அங்கே எழுதியவர் எண்ணோடு "ரூபாய்" என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார். உடனே அந்தக் கட்டம் எழுத்து வகையாகிவிட்டது. நிரல் கூட்டும்போது எழுத்தைத் தாண்டிப் போய்விடும். சத்தம் போடாது. தவறு என்று சொல்லாது. மற்ற ஐந்து நாளைக் கூட்டி, இதுதான் தொகை என்று காட்டிவிடும்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆனாலும் வியாழக்கிழமை முழுவதும் சுமந்த முதுகுக்குக் கூலி இல்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆறு எண்களைக் கூட்டத் தெரிந்தால் போதும். சீட்டைக் கையில் வாங்கி, ஒரு முறை தாமே கூட்டிப் பார்ப்பவர் அங்கேயே கேட்டுவிடலாம்: "வியாழக்கிழமைக் கூலி சேரவில்லையே?"

எண் போலத் தெரியும் எழுத்து

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். எழுத்தாக வைக்க வேண்டியதை எண்ணாக வைத்தால் என்ன ஆகும்?

கொச்சியின் தொலைபேசிக் குறியீடு 0484. இதை எண் வகையில் வைத்தால் 484 என்று ஆகிவிடும். முன்னால் வரும் சுழிக்குக் கணக்கில் மதிப்பு இல்லை. அதனால் கம்ப்யூட்டர் அதைத் தள்ளிவிடும். தொலைபேசிக்கோ அந்தச் சுழி முக்கியம்.

மட்டாஞ்சேரியின் பின்கோடு 682002. இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதல் இலக்கம் 6. அது தென்னாட்டுப் பகுதியைக் காட்டும். ஒவ்வொரு இலக்கமும் வழி சொல்கிறது. இது எண் வடிவில் இருக்கும் முகவரி.

வங்கிக் கணக்கு எண்ணும் அப்படித்தான். சில வங்கிகளில் அது 16 இலக்கம் இருக்கும். எக்செல் எண் வகையில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் இலக்கங்களைச் சுழியாக்கிவிடும். கடைசி இலக்கம் மாறினால் அது உங்கள் கணக்கு அல்ல. உங்களுக்கு வர வேண்டிய பணம் வராது. எழுத்து வகையில் வைத்திருந்தால் ஓர் இலக்கமும் மாறாது.

ஃபோர்ட் கொச்சியில் வேளி என்ற இடத்தில் துணி வெளுக்கும் துறை இருக்கிறது. பல தலைமுறையாக அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழ்க் குடும்பத்தார். கிளிப் போடாமல் முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி உலர்த்துவார்கள். துணி மாறிப் போகாமல் இருக்க வெளுப்பவர்கள் அதில் குறி போடுவது வழக்கம். ஒரு வீட்டுக்கு 27 என்று குறி, இன்னொரு வீட்டுக்கு 31 என்று குறி என்று வைத்துக்கொள்ளுங்கள். 27-ஐயும் 31-ஐயும் கூட்டி 58 என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் சிரிப்பார்கள். அந்த எண் அந்த வீட்டின் பெயர்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டினால் பொருள் வருமா? வரும் என்றால் அது எண். வராது என்றால் அது எழுத்து.

இரண்டு நாள் கூலியைக் கூட்டலாம். பொருள் வரும். இரண்டு பேரின் செல்போன் எண்ணைக் கூட்டலாம். பொருள் வராது. ஆகவே கூலி எண் வகை. செல்போன் எண் எழுத்து வகை.

வரிசையும் மாறும்

வகை தப்பினால் வரிசையும் தப்பும். 9, 25, 100 என்ற மூன்று வரிசை எண்கள் இருக்கின்றன. எண் வகையாக இருந்தால் கம்ப்யூட்டர் இப்படி அடுக்கும்: 9, 25, 100.

எழுத்து வகையாக இருந்தால் இப்படி அடுக்கும்: 100, 25, 9.

ஏன்? அகராதியில் முதல் எழுத்தைப் பார்த்துத்தானே வரிசை? அது போல முதல் இலக்கத்தை மட்டும் முதலில் பார்க்கிறது. 1 முன்னால், 2 அடுத்து, 9 கடைசி. வீடு கேட்டு மனுக் கொடுத்த வரிசையில் ஒன்பதாவதாக நின்றவர் நூறாவது ஆளுக்குப் பின்னால் போய்விடுவார்.

புள்ளிக்குப் பின்னால்

பத்து ரூபாயை மூன்று பேருக்குச் சமமாகப் பிரியுங்கள். ஆளுக்கு 3.33 ரூபாய். மூன்றையும் திரும்பக் கூட்டுங்கள். 9.99 வருகிறது. ஒரு பைசா குறைகிறது. மூன்றால் வகுக்கும்போது 3.3333 என்று முடிவில்லாமல் போகிறது. எங்கேயாவது வெட்டத்தான் வேண்டும். வெட்டிய இடத்தில் துளி சிந்துகிறது.

கம்ப்யூட்டருக்கும் இதே சிக்கல் உண்டு. நமக்குப் பத்து இலக்கங்கள். அதற்குச் சுழியும் ஒன்றும் மட்டும்தான். அந்த முறையில் 0.1 என்ற சிறிய எண்ணே முடிவில்லாமல் நீள்கிறது. அதனால் பைத்தானில் 0.1 + 0.2 என்று கேட்டால் 0.30000000000000004 என்று பதில் வரும். 0.3 தான் வர வேண்டும். கடைசியில் ஒரு துளி ஒட்டிக்கொண்டது.

மிளகு எடையில் இந்தத் துளியால் நஷ்டம் இல்லை. பணத்தில் அப்படி விட முடியாது. லட்சம் கணக்குகளில் ஒவ்வொரு துளி சேர்ந்தால் தொகை தவறும். அதனால் கவனமாக நிரல் எழுதுகிறவர்கள் பணத்தைப் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைப்பார்கள். 25.50 ரூபாய் என்பதை 2550 பைசா என்று எழுதினால் புள்ளியே இல்லை. துளியும் இல்லை.

முழு எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. 12 மூட்டையை 5 வண்டிகளில் ஏற்ற வேண்டும். 12-ஐ 5-ஆல் வகுக்கச் சொன்னால் பைத்தான் 2.4 என்று சொல்லும். மூட்டையை அறுக்க முடியாது. முழு எண்ணாகவே வகு என்று சொன்னால் 2 என்று சொல்லும். மீதி என்ன என்று கேட்டால் 2 என்று சொல்லும். வண்டிக்கு 2 மூட்டை, மிச்சம் 2 மூட்டை. கிடங்கு மேஸ்திரி மனக்கணக்கில் சொல்வதும் இதுதான்.

வகை தப்பிய ராக்கெட்

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 என்ற ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கட்டிய ராக்கெட் அது. தென் அமெரிக்காவில் கூரூ என்ற இடத்திலிருந்து ஏவினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ராக்கெட் வழி தவறி வானத்திலேயே வெடித்துச் சிதறியது. நல்ல வேளை, அதில் ஆட்கள் இல்லை.

காரணத்தை ஆராய்ந்தார்கள். ராக்கெட்டின் வேகம் தொடர்பான ஓர் அளவு புள்ளி எண்ணாக இருந்தது. நிரல் அதை ஒரு சிறிய முழு எண் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தது. அந்தப் பெட்டியில் 32,767 வரைதான் கொள்ளும். ஏரியான் 4 என்ற பழைய ராக்கெட்டுக்கு அந்தப் பெட்டி போதும். புதிய ராக்கெட் அதை விட வேகமானது. எண் பெரிதாகிவிட்டது. பெட்டிக்குள் கொள்ளவில்லை. வழிகாட்டும் கருவி செயலிழந்தது.

கால்படியில் ஒரு மூட்டை அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. பைத்தானில் முழு எண் பெட்டி தேவைக்கு ஏற்பப் பெரிதாகும். அதனால் கற்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் வகையைப் பார்க்காமல் பழையதை அப்படியே எடுத்துப் புதியதில் வைக்கக் கூடாது என்ற பாடம் எல்லோருக்கும் பொது.

ஆம், இல்லை, தெரியாது

நான்காவது வகை ஆம்-இல்லை. பைத்தானில் இதற்கு பூல் என்று பெயர். ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. அவர் 1815-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. பூல் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கவில்லை. பெரும்பாலும் தாமாகவே படித்தார். 1849-இல் அயர்லாந்தில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். உண்மை, பொய் என்ற இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடலாம் என்று காட்டினார். இன்று எல்லாக் கம்ப்யூட்டரும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

கம்ப்யூட்டர் முடிவெடுப்பது இந்த வகையால்தான். வயது 60-க்கு மேலா? ஆம் என்றால் ஒரு வழி. இல்லை என்றால் வேறு வழி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "இல்லை" வேறு, "எழுதவில்லை" வேறு. விண்ணப்பத்தில் "ஆண்டு வருமானம்" என்ற இடம் இருக்கிறது. ஒருவர் 0 என்று எழுதுகிறார். இன்னொருவர் ஒன்றும் எழுதாமல் விடுகிறார். முதல் ஆளுக்கு வருமானம் இல்லை என்று தெரிகிறது. இரண்டாவது ஆளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பைத்தானில் இதற்காகவே "ஒன்றும் இல்லை" என்று ஒரு தனி வகை உண்டு. அதன் பெயர் நன். காலி இடமும் சுழியும் ஒன்று என்று நிரல் எடுத்துக்கொண்டால் தகுதி உள்ளவர் தள்ளப்படலாம். அதனால் விண்ணப்பத்தில் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். இல்லை என்றால் "இல்லை" என்றே எழுதுங்கள்.

பெயர் என்ற சரம்

எழுத்து வகையில் மிக முக்கியமானது மனிதரின் பெயர். கம்ப்யூட்டர் இரண்டு பெயர்களை ஒப்பிடும்போது எழுத்துக்கு எழுத்துப் பார்க்கும். "மு. செல்வி" என்பதும் "செல்வி மு." என்பதும் நமக்கு ஒரே ஆள். அதற்கு இரண்டு சரம். ஒரு புள்ளி கூடினாலும், ஓர் இடைவெளி குறைந்தாலும், "ஒன்றா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்றே பதில் சொல்லும்.

கொச்சியில் உள்ள தமிழருக்கு இது கூடுதல் தொல்லை. வீட்டில் தமிழில் பெயர். அலுவலகத்தில் மலையாளத்தில் பெயர். வங்கியில் ஆங்கிலத்தில் பெயர். தலைப்பெழுத்து முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரி இருக்கிறதா? வேறாக இருந்தால், பணம் வர வேண்டிய நாளுக்கு முன்பே திருத்தக் கேளுங்கள்.

தமிழ் எழுத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. "மிளகு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மி, ள, கு. மூன்று. பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். அது ம என்பதைத் தனியாகவும் இகரக் கொக்கியைத் தனியாகவும் எண்ணுகிறது. கு என்பதிலும் அப்படியே. உயிர்மெய் என்பது ஓர் எழுத்து என்று உங்களுக்குத் தெரியும். அதற்குத் தெரியாது. இதையும் ஒருவர் சொல்லித்தான் தர வேண்டும்.

தமிழிலேயே நிரல்

கம்ப்யூட்டருக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா? அப்படி இல்லை. எழில் என்று ஒரு மொழி இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்கள் நிரல் எழுதக் கற்பதற்காக முத்து அண்ணாமலை என்பவர் இதை உருவாக்கினார். 2007-ஆம் ஆண்டில் தொடங்கினார். எழில் மொழி பைத்தானின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதில் இப்படி எழுதலாம்:

மூட்டை = 12
பதிப்பி "மிளகு வந்தது"
பதிப்பி மூட்டை + 5

பதிப்பி என்றால் திரையில் காட்டு என்று பொருள். இரண்டாம் வரியில் மேற்கோள் குறி இருக்கிறது. எழுத்து. அதனால் அப்படியே காட்டும். மூன்றாம் வரியில் மேற்கோள் குறி இல்லை. எண். அதனால் கூட்டி 17 என்று காட்டும். இந்த மூன்று வரியை நீங்கள் இப்போது படித்துவிட்டீர்கள். நிரல் படிக்கத் தெரியாது என்று இனிமேல் சொல்ல முடியாது.

கேரளப் பள்ளிப் பாடப் புத்தகங்களில் பைத்தான் இடம்பெற்றிருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கேளுங்கள்: "25-க்கும் மேற்கோள் குறி போட்ட 25-க்கும் என்ன வித்தியாசம்?" பிள்ளை சொல்லட்டும். தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

இந்த வாரம் வீட்டில் ஒரு காகிதத்தை எடுங்கள். ரேஷன் சீட்டு, கரண்டு பில், கூலிச் சீட்டு, எதுவானாலும் சரி. ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பக்கத்தில் வகையை எழுதுங்கள். முழு எண்ணா, புள்ளி எண்ணா, எழுத்தா, ஆம்-இல்லையா?

பிறகு நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. கூட்ட வேண்டியது எல்லாம் கூட்டப்பட்டிருக்கிறதா? நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

2. கணக்கு எண், செல்போன் எண் முதலியவற்றில் எல்லா இலக்கமும் இருக்கிறதா? ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

3. பெயர் மற்ற அட்டைகளில் உள்ளது போலவே இருக்கிறதா?

4. காலியாக விட்ட இடம் ஏதாவது உண்டா?

கம்ப்யூட்டர் மிக வேகமாகக் கணக்குப் போடும். களைப்படையாது. ஆனால் அது போடுவது நாம் கொடுத்த வகையில் உள்ள கணக்கு. மூட்டை எது, மூட்டையின் பெயர் எது என்று தெரிந்தவர் சுமந்தவர்தான். "மெஷினில் அப்படித்தான் வருகிறது" என்று யாராவது சொன்னால், "மெஷினில் எப்படி எழுதினீர்கள், காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதற்கு வேண்டிய எண்ணும் எழுத்தும் இப்போது உங்களிடம் இருக்கின்றன.